செண்பகம் கேட்டவர்

கோடிக்கரை மீட்புக் காட்டில் பேசிக்கொண்டே நடக்கலாம், எதையும் தொடத்தான் கூடாது. பொற்கொடியின் மணிக்கட்டில் கட்டியிருந்த வழிசொல்லி, எதிர்ப்படும் ஒவ்வொன்றையும் அதை மீட்டவர் பெயரோடு அறிமுகம் செய்தது. இது மூக்கையா மீட்ட பொன்வண்டு. அது ரெஜினா மீட்ட சங்குப்பூ.

அழிந்துபோன உயிர்களில் ஒன்றைத் திருப்பிக் கேட்கும் மீட்புரிமை, ஆளுக்கு ஒருமுறைதான். எதைக் கேட்கப்போகிறோம் என்பதைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது. ஆரம்பத்தில் குடும்பங்களுக்குள் வெட்டுக்குத்து வரை போனதால் வந்த சட்டம். பொற்கொடியும் அவள் கணவர் தயாபரனும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நினைவு தப்பும் நேரத்தில் அவர் "செண்பகம்" என்று முனகினார். "மலர்தானே?" என்றது, மீட்புரிமையையும் பதிகிற இதே வழிசொல்லி. பொற்கொடிதான் ஆமாம் என்றாள்.

இதோ, அந்த மரம் பூத்துவிட்டது. அதைக் காட்டத்தான் கொழுந்தன் குகதாசனை யாழ்ப்பாணத்திலிருந்து வரவழைத்திருந்தாள்.

"பாருங்க தம்பி, உங்க அண்ணன் கேட்ட செண்பகம்!"

அவர் மரத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"அண்ணி, கோவிக்காதேங்கோ. எங்கட ஊரில செண்பகம் எண்டா பறவை."

பொற்கொடி மரத்தை மறுபடியும் பார்த்தாள். மனிதர் கடைசியாகக் கேட்டதையும் கெடுத்துவிட்டாளே! அவளுடைய உரிமை மிச்சமிருந்தது, உண்மைதான். ஆனால் சின்ன வயதில் மன்னார்குடித் தோட்டத்தில் கேட்ட ஒரு குரலுக்காக அல்லவா அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்? அவருக்குக் கொடுத்தால் அவளுக்கு இல்லை.

"எப்படி இருக்கும் அது?"

"சிவத்தக் கண். செம்பு நிறச் செட்டை. பறக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பேறி மாதிரி வேலியோரமா நடந்து திரியும். காலமையில..."

அவர் முடிப்பதற்குள் பொற்கொடி அடித்தொண்டையிலிருந்து, "உப், உப், உப்" என்றாள்.

"அதேதான்! உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அட பாவி மனுஷா!" என்றாள் மரத்தைப் பார்த்து. "அது எங்க ஊரு செம்போத்தாச்சே! நானும் அதுக்குத்தானேய்யா ஏங்கிக் கெடந்தேன்!"

சிரிப்பாகத் தொடங்கியது அழுகையாக முடிந்தது. ஒரே கூரையின் கீழ் ஒரே பறவையை ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்து வாழ்ந்திருக்கிறார்கள். ஒரு காலையிலாவது சேர்ந்து உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மணிக்கட்டை வாயருகே கொண்டுபோனாள்.

"செம்போத்து. பறவை. நல்லாக் கேட்டுக்க, பறவை."

"மீட்டவர், பொற்கொடி என்று பதியலாமா?"

"வேணாம். தயாபரன்னு போடு." பூத்து நின்ற மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "இந்த மரத்த என் பேருக்கு மாத்திடு."