கொக்குத்திட்டியில் புதைத்த சாடி

"பயந்தாங்கொள்ளியள் இப்பவே இறங்கி வீட்டை போகலாம்!" என்றான் குகநேசன்.

யாரும் இறங்கவில்லை. அந்தச் சின்ன வள்ளத்தில் இருந்ததே மூன்று பேர்தான்: குகநேசன், அவனுடைய சித்தப்பா மகள் தர்மிளா, கூட்டாளி அல்பிரட். மூவரும் மருதந்தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பரீட்சை முடிந்து சும்மா இருந்தவர்கள். சும்மா இருப்பவர்களுக்குத்தானே புதையல் யோசனை வரும்!

யோசனை வரக் காரணமும் இருந்தது. வருடா வருடம் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று தொடங்குமுன் ஊர்ப் பெரியவர்கள் சிலர், சாக்கால் மூடிய பாரத்தோடு கொக்குத்திட்டிக்குப் போவார்கள். வெறும் வள்ளத்தோடு திரும்புவார்கள். ஆளும் இல்லாத, கிணறும் இல்லாத அந்த மணல் திட்டியில் என்ன வேலை என்று கேட்டால், "ஆழக்கடலுக்குப் போற வயசு வரட்டும், அப்ப தெரியும்" என்பார்கள். அதற்கு மேல் ஒரு சொல் பெயராது.

"பொன்தான்! பழைய கப்பல் பொன்னைக் கண்டெடுத்து ஒளிக்கினம்" என்றான் குகநேசன்.

"பொன் இருந்தா எங்கட அப்பா ஏன் கிழிஞ்ச சாரத்தோட திரியிறார்?" என்று தர்மிளா கேட்டாள்.

நல்ல கேள்வி. ஆனால் அதற்குப் பதில் தேட அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. இயந்திரம் போட்டால் சத்தம் ஊரைக் கூட்டும் என்று அதைக் கரையிலேயே கழற்றி வைத்துவிட்டுத் துடுப்பு வலித்தார்கள். முதுகில் தள்ளிய காற்று நண்பகலுக்கு முன்பே அவர்களைத் திட்டியில் சேர்த்தது.

முட்பற்றை, நண்டு வளை, கொக்கு எச்சம். மூவரும் வெயிலில் தேடித் தேடிக் கொண்டுவந்த தண்ணீரையெல்லாம் குடித்து முடித்தார்கள். பிறகுதான் அல்பிரட் கத்தினான். "இஞ்சை பார்! கல்லு!"

பவளப்பாறையிலிருந்து பெயர்த்த முருகைக்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவை தாமாக அடுக்கிக்கொண்டவை அல்ல. மண்வெட்டியால் வெட்டினார்கள். டங்! ஓலையால் வாய் கட்டி, களிமண் பூசிய இரண்டு பெரிய சாடிகள்!

முதல் சாடியில் ஓலைப்பெட்டி நிறையப் பனாட்டு இருந்தது. பனம்பழக் களியை வெயிலில் காயவைத்துத் தட்டாக எடுத்த அதே பனாட்டு. அதன் கீழே, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல். இரண்டாவது சாடியில் கழுத்து வரை தண்ணீர்.

தர்மிளா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "நல்ல தண்ணியடா. இதை ஏன் இவ்வளவு பத்திரமாத் தாட்டு வைக்கினம்?"

"எங்களைப் பேய்க்காட்டத்தான்! பொன் அடியில கிடக்கும். கவிழ்!"

கவிழ்த்தார்கள். தண்ணீரை மணல் ஒரே மூச்சில் குடித்தது. அடியில் ஒன்றும் இல்லை. ஆத்திரத்தில் அல்பிரட் சாடியை மண்வெட்டியால் அடித்து உடைத்தான். பிறகு மூவரும் உட்கார்ந்து பனாட்டைத் தின்றார்கள். புழுக்கொடியலைக் கொக்குகள்மேல் எறிந்து விளையாடினார்கள். சிரிப்புக்கு மட்டும் குறைவில்லை.

அப்போதுதான் ஒரு படகு அலையோடு வந்து திட்டியில் மோதியது.

அதிலிருந்து ஒருவர் விழுந்தும் எழுந்தும் கரையேறினார். உதடு வெடித்து இரத்தம் கட்டியிருந்தது. படகைக் கண்டதும் பற்றைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட இவர்களை அவர் காணவில்லை. தன் வீட்டு அடுப்படிக்குப் போகிறவர்போல நேரே அந்தக் கற்களிடம் போனார். முழங்காலில் விழுந்தார். உடைந்த சாடியைப் பார்த்தார்.

ஈர மணலை இரண்டு கையாலும் வாரித் துண்டில் போட்டு, முறுக்கி வாய்க்கு மேலே பிழிந்தார். ஒரு சொட்டும் விழவில்லை. இன்னும் ஆழமாகத் தோண்டி மறுபடியும் பிழிந்தார்.

குகநேசனுக்கு விளங்கிவிட்டது.

மூவரும் ஓடிப்போய் அவரைத் தூக்கினார்கள். "தண்ணி இருக்கா தம்பி?" என்று கேட்டார். மூன்று போத்தலும் காலி. அக்கரை இராமேசுவரத்துக்காரராம், பெயர் நம்புராஜன். இயந்திரம் பழுதாகிக் காற்று இழுத்து வந்திருக்கிறது.

"இந்தத் திட்டுல உங்க ஊர்க்காரங்க தண்ணி வச்சிருப்பாங்க. கடல்ல தத்தளிச்சு வர்றவனுக்காக. எங்க பக்கத்துலயும் எல்லாருக்கும் தெரியும். எடுத்தவன் உசிரோட ஊர் போனா, அடுத்த தடவ ரொப்பி வைக்கணும். அதை நம்பித்தான் இங்கிட்டு படகத் தள்ளுனேன்" என்றார்.

"ஆரோ களவெடுத்துப்போட்டாங்கள் அண்ணை" என்றான் குகநேசன். பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது!

நம்புராஜன் தலையை ஆட்டினார். "அப்படிச் சொல்லாதீங்க தம்பி. எனக்கு முன்னால எவனாச்சும் என்னைவிடத் தவிச்சு வந்திருப்பான். குடிச்சிட்டுப் போகட்டும்."

அவர் திட்டியிருக்கலாம். அறைந்திருந்தால்கூடத் தேவலை. தர்மிளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வள்ளத்தில ஏத்துங்கோ! கெதியா!" என்று குகநேசன் கத்தினான்.

வரும்போது முதுகைத் தள்ளிய காற்று இப்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. அலை வள்ளத்துக்குள்ளேயே குதித்தது. தர்மிளா ஒரு கையால் நம்புராஜனின் தலையைத் தாங்கி, மறு கையால் தண்ணீரை இறைத்தாள். பாதி வழியில் அல்பிரட்டின் துடுப்பு படீரென்று முறிந்தது!

"திரும்புவமோ?"

"திரும்பினா இவர் செத்துப்போவார்! மண்வெட்டியால வலி!"

சாடியை உடைத்த அதே மண்வெட்டியால் அல்பிரட் வலித்தான். குகநேசனின் உள்ளங்கைத் தோல் உரிந்து உப்பில் எரிந்தது. எரியட்டும் என்றுதான் நினைத்தான். நம்புராஜனின் மூச்சு மெலிந்துகொண்டே போனது. கரைப் பனைகள் தெரிந்தபோது மூவருக்கும் குரல் இல்லை. ஆழம் குறைந்ததும் குதித்து, வள்ளத்தை இழுத்துக்கொண்டே ஓடினார்கள்.

ஊர் திரண்டது. இளநீரை வாயில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். பின்னேரம் ஆகும்போது நம்புராஜன் எழுந்து உட்கார்ந்தார். ஊருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கடற்கரையிலேயே பெரிய பானை ஏற்றி, காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். மீனும் நண்டும் பலாக்கொட்டையும் அதில் சேர்ந்து கொதித்தன. ஓலையை மடித்த பிளாவில் முதல் கூழ் உயிர் காத்தவர்களுக்குத்தான் என்று குகநேசனின் தாய் பரமேசுவரி பெருமையாக நீட்டினாள்.

"என்ர பிள்ளை!" என்றாள்.

குகநேசனுக்கு அந்தச் சொல் சுட்டது. கை நீளவில்லை.

"அம்மா, எனக்கு வேண்டாம். சாடியை உடைச்சது நாங்கள். தண்ணியை மணலில ஊத்தினதும் நாங்கள்தான். பொன் எண்டு நினைச்சுப்போட்டம். பிறகு இவருக்குப் பொய்யும் சொன்னனான்."

அல்பிரட்டும் தர்மிளாவும் வந்து அவன் பக்கத்தில் நின்றார்கள். மூன்று தலைகளும் கவிழ்ந்திருந்தன.

நம்புராஜன் மெல்ல இருமினார். "வள்ளத்துல ஏறுனதுமே தெரிஞ்சுபோச்சுங்க. மூணு பேரு வாயிலயும் பனம்பழ வாசம்."

"அப்ப ஏன் அண்ணை வாய் திறக்கேல்லை?" என்றாள் பரமேசுவரி.

"சொன்னா வெக்கத்துல பிள்ளைகளுக்குக் கை ஓடாது. எனக்கு உசிரோட கரை வந்து சேரணும்ல?"

ஊரே சிரித்தது. குகநேசன் மட்டும் சிரிக்கவில்லை. பரமேசுவரியும் சிரிக்கவில்லை. பிளாவை மகன் கையில் திணித்தாள்.

"குடி. நாளைக்கு வெள்ளெனப் புதுச் சாடியில தண்ணி நிரப்பி மூண்டு பேரும் கொண்டுபோக வேணும். வெறும் வயித்தோட வலிக்க ஏலாது."

அவன் குடித்தான். கூழ் நல்ல உறைப்பு. கண்ணில் வந்த தண்ணீருக்கு அது ஒரு சாட்டாக இருந்தது.