பளீலா டீச்சர் மறைத்த வருமானம்

2025 நவம்பர் 20, வியாழக்கிழமை, பிற்பகல் நாலு மணி. கற்பிட்டி. ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் பளீலா டீச்சர் தமது வருமான வரி அறிக்கையை இணையத்தில் அனுப்பி மூன்று நாட்களாகியிருந்தன.

தொலைபேசி அலறியது!

தெரியாத இலக்கம்.

"டீச்சர்... நீங்க மறச்சத நாங்க கண்டுபிடிச்சிட்டோம்!"

கையிலிருந்த பிளேன்டீயை மேசையில் வைத்தார்.

"ஆரு கதைக்கிறது?"

"நாளைக்கு ஜும்ஆத் தொழுக முடிஞ்சொடன ஊருக்கே தெரியும்!"

துண்டிப்பு.

யா அல்லாஹ்...!

மறைத்தது உண்மைதான். கைப்பேசிச் செயலி ஒன்றில் பாடம் பார்த்து, கேள்விகளுக்குச் சரியான விடை அளித்தமைக்காகக் கிரிப்டோ நாணயத் துணுக்குகள் பரிசாக வந்திருந்தன. விற்றதில் எட்டாயிரம் ரூபாய்.

ஹலாலா? ஹராமா?

தீர்மானிக்க முடியவில்லை. சந்தேகக் காசு சமையலறைக்குள் நுழையலாகாது. அத்தகைய காசை, வட்டிக் காசைப் போலவே, நன்மையை எதிர்பாராமல் பொதுக் கழிப்பறைக்குக் கொடுத்துவிடுவது ஊர் வழக்கம். இறங்குதுறைக் கழிப்பறைக்குப் அந்தக் காசில் ஒரு கதவு வாங்கி, பெயர் சொல்லாமல் அனுப்பினார்.

தமதென்று ஏற்காத காசு தமது வருமானமாகுமா? ஆகாது என்று தாமே தீர்ப்பளித்தார். அறிக்கையில் அதைக் காட்டவில்லை.

முப்பது வருடங்கள் பிறர் பிழைக்குச் சிவப்பு மையிட்ட கை அது. நாளை அதற்கு விலங்கா?

முகம் மறைக்க மருமகளின் நிகாபை அணிந்தார். கறுப்புக் கண்ணாடியும் மாட்டினார். இனி வானத்து மலக்குகளுக்கும் அடையாளம் தெரியாது!

நுரைச்சோலை பஸ்ஸில் ஏறினார்.

"டீச்சர், இப்பிடி வந்து இரிங்க!" என்றான் கண்டக்டர்.

"எப்படித் தெரிஞ்சது?"

"நடையப் பாத்தா தெரியாதா? அசெம்பிளிக்கு வார மாதிரி!"

நுரைச்சோலையில் கணக்காளர் ஹுனைஸ், அவரிடம் படித்தவன், பனிஸ் தின்றுகொண்டிருந்தான்.

"மகன், நான் ஒரு குற்றவாளி."

பனிஸ் பாதி வழியில் நின்றது. "ஆர டீச்சர் கொண்ணீங்க?"

சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார்.

"அதுல நான் ஒரு சதம் திங்கல்ல, ஹுனைஸ்! கக்கூஸுக்குக் குடுத்துட்டன்!"

"கக்கூஸுக்குக் குடுத்தாலும் கடல்ல போட்டாலும், வந்தது வருமானந்தான். மார்க்கத்துக்கு ஒரு கணக்கு, வரிக்கு இன்னொரு கணக்கு. இந்த மாசம் முடியிற வரைக்கும் டைம் இரிக்கி. திருத்தி அனுப்புவோம்."

"ஜெயில்...?"

"கூட வார வரி ஒரு கொத்து ரொட்டிக்கும் காணாது, டீச்சர்!"

பளீலாவுக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. இவ்வளவு பெரிய பாவத்துக்கு இவ்வளவு சிறிய தண்டனையா?

திருத்திய அறிக்கை போயிற்று. துணிச்சல் வந்தது. அந்த இலக்கத்தை அழுத்தினார்.

"இப்ப செல்லு! ஊருக்கே செல்லு! எனக்கு ஒண்டுக்கும் பயமில்ல!"

"டீச்சர்... நான் முபாரிஸ். இறங்குதுறைக் கமிட்டி செக்ரட்டரி."

"நீயா?!"

"கதவ எறக்கின லொறிக்காரன் உங்கட பேரச் செல்லிட்டான். நாளைக்குத் தொறப்பு விழா! சர்ப்பிரைஸா வெச்சிருந்தோம். 'அன்பளிப்பு: பளீலா டீச்சர்' எண்டு கதவுல பெரிசா எழுதியிரிக்கி!"

பளீலா நிகாபைக் கழற்றினார்.

"மடயா! கக்கூஸுக்கு எந்தக் காசு போகும் எண்டு ஊருக்குத் தெரியாதா? என்ன வட்டிக்காரி எண்டு கதவுலயே எழுதி வெச்சிருக்கியா?!"



"...இந்தா சுரண்டுறன், டீச்சர்!"

இறுதியில் முடிவானவை இவை: பரிசுக் காசு வருமானமாகக் காட்டப்பட்டது. அதற்குரிய வரி கட்டப்பட்டது. செயலி கைப்பேசியிலிருந்து நீக்கப்பட்டது. ஜும்ஆவுக்கு முன்பே கதவிலிருந்து பெயர் சுரண்டப்பட்டது.

வெள்ளி மாலையில் முபாரிஸ் மீண்டும் அழைத்தான்.

"டீச்சர், 'அன்பளிப்பு' எண்ட சொல்லச் சுரண்ட நேரம் காணல்ல. பேரில்லாம அது மட்டும் நிக்குது..."

"அதனால என்ன?"

"ஊரிலுள்ள முதலாளிமாரெல்லாம் 'நானில்ல, நானில்ல' எண்டு சத்தியம் பண்ணிட்டுத் திரியிறாங்க!"