பின்சுவர் ஏறிக் குதித்த அதிகாரி

தீயணைப்பு நிலைய அலுவலர் சகாயராஜ், திண்டிவனத்து வேர்க்கடலை வியாபாரி தாண்டவராயன் வீட்டுப் பின்கட்டில் மண்டை உடைந்து கிடந்தார். பட்டப்பகல். சாதாரணச் சட்டை, பேண்ட், காலில் ஷூ. அடையாள அட்டையைக் காணோம்.

ஆம்புலன்ஸ் அவரை விழுப்புரத்துக்குக் கொண்டுபோன பிறகு இன்ஸ்பெக்டர் கிருஷ்ணவேணி வந்தாள். ஆளைத் தேடும் வேலையே இல்லை. கூலியாள் வல்லரசு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பின்னாடி சுவர் ஏறிக் குதிச்சாரு மேடம். திருடன்னு நெனச்சிக்கினு கட்டையால போட்டுட்டேன். ஆபீசருன்னு சத்தியமா தெரியாது."

காலையிலிருந்து பின்கட்டில் மூட்டை அடுக்கியதாகவும், வீட்டுக்குள் போகவே இல்லை என்றும் சொன்னான். குடும்பம் திருவெண்ணெய்நல்லூரில் கல்யாணத்துக்குப் போயிருக்க, வீட்டில் தாண்டவராயன் மட்டும். தூங்கிக்கொண்டிருந்தாராம், சகாயராஜை அதற்குமுன் பார்த்ததே இல்லையாம்.

கிருஷ்ணவேணி கூடத்துக்குள் காலெடுத்து வைத்தாள். தாண்டவராயன் பதறிக்கொண்டு குறுக்கே வந்தார்.

"ஷூவை வெளிய உட்டுட்டு வாங்க மேடம். மல்லாட்டை காயுது. சாப்புடுற பொருளு."

சுவருக்குச் சுவர் வேர்க்கடலைப் பருப்பு. கழற்றி வைத்துவிட்டுத்தான் நடந்தாள். உள் அறை காலியாக இருந்தது. ஆனால் பட்டாசு மருந்து நெடி போகவில்லை. அனுமதியில்லாத பட்டாசு என்று புகார் வந்துதான் சகாயராஜ் மஃப்டியில் விசாரிக்க வந்திருந்தார்.

பணியில் இருப்பவரைத் தெரிந்தே அடித்தால் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும் என்று சட்டத்தில் தண்டனையைக் கூட்டியாகிவிட்டது. தெரியாமல் அடித்தேன் என்றால் நாலு நாளில் ஜாமீன். போன மாதம் அவளுடைய ஏட்டை அடித்தவன் அப்படித்தான் கழுத்தில் மாலையோடு வெளியே வந்தான்.

விழுப்புரம் மருத்துவமனையில், சகாயராஜின் மனைவி காந்திமதி அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அவருடைய உடைமைகளைப் பையில் போட்டுக் கொடுத்தாள். ஷூவின் அடியில் வெறும் சேறு. உள்ளே சுருட்டி வைத்திருந்த சாக்ஸைப் பிரித்துப் பார்த்த கிருஷ்ணவேணி, ஜீப்பைத் திருப்பச் சொன்னாள்.

மாலை ஐந்து மணி. தாண்டவராயன் வீட்டு வாசல்.

"சாக்ஸ் அடியில பூரா மல்லாட்டைத் தோலுங்க. ஷூவுக்கு அடியில ஒண்ணுகூட இல்ல. அப்படின்னா அவரு ஷூவைக் கழட்டிட்டு உங்க கூடத்துல நடந்திருக்காரு. அடிச்சிப் போட்ட பொறவு நீங்க மாட்டி உட்டிருக்கீங்க."

தாண்டவராயன் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வல்லரசு உள்ளயே வரல. வீட்டுல இருந்தது நீங்க ஒருத்தர்தான். அட்டையக் காட்டித்தான் வந்திருக்காரு. மண்டைய உடைக்கணும்னு நெனச்சிருந்தும், மல்லாட்டைய மிதிக்க உட மனசு வரல உங்களுக்கு. திருடன்கிட்ட யாருங்க ஷூவைக் கழட்டிட்டு வரச் சொல்லுவாங்க?"

வல்லரசு முதலாளியைப் பார்த்தான். பிறகு, அடித்தது அவர்தான் என்பதையும், பழியை ஏற்றுக்கொண்டால் நாலு நாளில் வெளியே எடுத்துவிடுகிறேன் என்று அவர் சொன்னதையும், பட்டாசுப் பெட்டிகளையும் அடையாள அட்டையையும் ஒளித்த இடத்தையும் சொல்லிவிட்டான்.

தாண்டவராயனை ஏற்றிக்கொண்டு ஜீப் தீயணைப்பு நிலையத்தைத் தாண்டும்போது, சகாயராஜின் ஆட்கள் சாலையிலேயே நின்றிருந்தார்கள். அவர் கண் விழித்துவிட்டார் என்று காந்திமதி அப்போதுதான் போனில் சொல்லியிருந்தாள். கிருஷ்ணவேணி வண்டியை நிறுத்தி அதைச் சொன்னாள். பின்சீட்டைக் காட்டினாள்.

"ஆபீசருன்னு தெரிஞ்சேதான் அடிச்சிருக்கான். கேஸை அப்படியே எழுதியாச்சு."

ஒருவர் ஓடிப்போய் நிலையத்தின் மணியை அடித்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.