சென்னகிருஷ்ணன் பிடித்த கயிறு

பொருட்காட்சி மைதானத்துக்குள் டெம்போ நுழைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு காலத்தில் விதை, பம்புசெட்டு, மாடு என்று விவசாயிகளுக்காகவே இருந்த இடம். இப்போது ராட்டினமும் டெல்லி அப்பளமும்தான் அங்கே ராஜா. ஒரு வாரம் நகைக் கண்காட்சி, மறுவாரம் நாய்க் கண்காட்சி. மாடுகளுக்கு வருஷத்தில் ஒரு காலைப்பொழுதை விட்டுவைத்திருக்கிறார்கள், அதுவே பெரிய மனசு. அன்றைக்கும் மாடு சுற்றிவரும் வளையத்தின் ஓரத்தில், சாயங்காலப் பாட்டுக் கச்சேரிக்காக மேடை போட்டு ஸ்பீக்கர்களை அடுக்கியிருந்தார்கள்.

வேலுமணி மயிலைக் காளையை இறக்கினார். கோப்பை வாங்க அவருக்கு அந்த ஒரு பொழுது போதும்.

அது அவருடைய பங்காளி சென்னகிருஷ்ணனின் காளை. இருவரும் ஒரே பாட்டனின் பேரன்கள். ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே சோளத்தட்டு. ஆனால் கோப்பை மட்டும் எப்போதும் அவன் வீட்டுக்குத்தான் போகும். அவனுக்குக் கை தட்டுவதைக் கேட்ட நாளில் வேலுமணிக்குச் சோறு இறங்காது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். போன வருஷம் இதே வளையத்தில், முதல் பரிசுக்குப் பேர் கூப்பிடப்போகிற நேரத்தில், சென்னகிருஷ்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தான். கயிறு மட்டும் கையைவிட்டு நழுவவில்லை. ஊரே அழுதது. வேலுமணியும் அழுதார், அழுதுகொண்டே காளையைத்தான் பார்த்தார்.

அவன் சம்சாரம் முத்தாத்தாளிடம் பேசிப் பேசிக் காளையை வாங்கிவிட்டார். இந்தப் பக்கம் மாடு விற்றால் கயிறு கொடுக்கிற வழக்கம் இல்லை. விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார், வாங்கியவர் புதுக்கயிறு போட்டு ஓட்டிப்போவார். முத்தாத்தாள் தண்ணீர் எடுக்க உள்ளே போன சமயம், வேலுமணி புதுக்கயிற்றை அங்கேயே போட்டுவிட்டுப் பழைய கயிற்றோடு ஓட்டிவந்துவிட்டார். அவன் பிடித்த கயிற்றைப் பிடித்து, அவன் நடந்த வளையத்தில் நடக்க வேண்டும் என்று அப்படி ஒரு வெறி.

வளையத்துக்குள் கால் வைத்ததும் கயிறு ஈரமாயிற்று. புகையிலை வாசம் குப்பென்று அடித்தது.

வேலுமணி புகையிலை போடுவதில்லை.

காளை அவரை ஒட்டி நடக்கவில்லை. ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டு நடந்தது. நாக்கை நீட்டி அந்த வெற்றிடத்தை நக்கியது.

வேறொருவர் என்றால் பயந்திருப்பார். வேலுமணிக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒருநாளாவது இது என் கையை நக்கியிருக்குமா?

கம்பி வேலிக்கு அப்பால், கயிற்றைக் கேட்டு வாங்கிப்போக வந்த முத்தாத்தாள் நின்றிருந்தாள்.

"மாமா, அந்தக் கயிறு அவருதுங்க. உட்டுப்போடுங்க," என்றாள் மெதுவாக.

"செத்த நேரம் சும்மா இரு அம்மணி. இப்பப் பேரு கூப்புடப்போறாங்க."

நடுவர் எழுந்தார். மேடை ஸ்பீக்கர்கள் கரகரத்தன.

ட்ளக்.

நாக்கை மேலண்ணத்தில் தட்டுகிற சத்தம். சென்னகிருஷ்ணன் காளையைக் கூப்பிடும் சத்தம்.

ட்ளக்... ட்ளக்.

"ஏனுங்க, யாருங்க மைக்குல?" என்று நடுவர் கத்தினார்.

சவுண்டு வேலை பார்க்கும் சைத்ரா மேடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னும் கரண்டே குடுக்கலீங்க."

காளை காதை நிமிர்த்தி மேடைப் பக்கம் திரும்பியது.

"உட்டுருங்க மாமா!"

விட்டால் அவனிடம் போய்விடும். இத்தனை பேர் முன்னால் செத்தவனிடமும் தோற்பதா? மாடு பிடிக்கிறவன் எவனும் செய்யாததை வேலுமணி செய்தார். கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார்.

காளை பாய்ந்தது.

பொழுது சாயும் நேரம் அவர் மைதானத்தை அடுத்த ஆஸ்பத்திரியில் கிடந்தார். வலது கை முழுக்கக் கட்டு. கயிற்றை அறுத்துத்தான் எடுத்தார்களாம். முத்தாத்தாள் அதை வாங்கிக்கொண்டு, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நின்ற காளையையும் ஊருக்குத் தன் வீட்டுக்கே ஏற்றிப்போய்விட்டாளாம். மறுபடியும் அவன் வீட்டுக்கே போய்விட்டதே என்று, அந்த வலியிலும் அவருக்கு வயிறு எரிந்தது.

ஜன்னல் வழியாகக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்தது.

ட்ளக்.

காளைதான் ஊருக்குப் போய்விட்டதே. பின்னே யாரைக் கூப்பிடுகிறான்?

ட்ளக்... ட்ளக்.

கட்டுப்போட்ட கை மெத்தையைவிட்டு மெல்ல எழுந்து, யாரோ இழுப்பதுபோல் ஜன்னல் பக்கம் நீண்டது.