கதிர்வேலின் கட்டைவிரல்

“கட்டைவிரல மையில தொட்டு, காகிதத்துல ஒரு அமுக்கு! அம்புட்டுத்தானத்தா! இதுக்குப் போயி கலெக்டர் ஆபீசு, கமிட்டி, விசாரணைன்னு ஊரக் கூட்டுறியே... ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?”

“யாரு விரல மச்சான்? ஒங்க விரலயா? எம்மவன் விரலயில்ல அமுக்கச் சொல்றீங்க!”

“அவன் எனக்கு அந்நியமா? என் தம்பி பெத்த புள்ள!” என்றார் வேலுச்சாமி.

“அப்பறம் ஏன் அவனக் கேக்காம அமுக்கணுங்கிறீங்க?” என்றாள் இராசாத்தி.

“ஆமா, கேட்டா பதில் சொல்லிப்புடுவானாக்கும்!” என்றாள் வேலுச்சாமியின் பெண்டாட்டி சோலையம்மாள், அடுப்படியிலிருந்து.

சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். கரண்டிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டாள்.

பழனி அடிவாரத்தில் அந்தச் சந்தில் பஞ்சாமிர்தம் போடும் வீடு அது ஒன்றுதான். காலை ஏழு மணிக்கு அங்கே சத்தம் கேட்டால் பழ லாரிக்காரனோடு தகராறு என்று தெரு கண்டுகொள்ளாது. அன்றைக்கு அப்படி இல்லை. எதிர்வீட்டில் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்கள். பக்கத்து வீட்டில் மிக்சியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். தூங்கிப்போன நாலைந்து பேர், பாவம், மத்தியானம் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள்.

விஷயம் இதுதான். இராசாத்தியின் புருஷன் காசிநாதன் பதினோரு வருஷத்துக்கு முன்பு கொய்யாப்பழப் பெட்டிகளோடு கொடைக்கானல் மலைப்பாதையில் போகும்போது, எதிரே வந்த வேன் இடித்துச் செத்துப்போனான். கோர்ட் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. மகன் கதிர்வேலுக்கு அப்போது எட்டு வயசு. அவன் பங்கை அவன் பேரிலேயே வங்கியில் போட்டு, பதினெட்டு முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று பூட்டிவிட்டார்கள். நல்ல பூட்டுத்தான். ஆனால் திறக்க வேண்டியவனுக்குச் சாவி என்றால் என்னவென்று தெரியாது.

கதிர்வேல் பிறந்ததிலிருந்தே அப்படி. கையும் காலும் சொன்னபடி கேட்காது. பேச்சு வராது. பஸ் ஹாரன் கேட்டால் மட்டும் உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பான். செண்பகனூரில் சிஸ்டர்மார் நடத்தும் ஓர் இல்லத்தில் இருந்தான். சன்னலோரம் உட்கார்ந்து ரோட்டில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பான். மாதம் இரண்டு ஞாயிறு இராசாத்தி வெள்ளனே எழுந்து மலை ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, ராத்திரி திரும்பிப் பழம் உரிக்க உட்காருவாள்.

இப்போது அவனுக்குப் பத்தொன்பது. இடுப்பு மூட்டு விலகிவிட்டது. மதுரை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஆறு மாசத்துக்குள்ள ஆபரேஷன் செய்யணும்மா. விட்டா இவனால உக்காரவே முடியாது” என்றார். உட்கார முடியாவிட்டால் சன்னல் ஏது, பஸ் ஏது? காலமெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

வங்கிக்குப் போனால், “கணக்கு அவர் பேர்ல இருக்கு. அவர் புரிஞ்சு கேக்கணும். புரியாதுன்னா, கலெக்டர் தலைமையில கமிட்டி இருக்கு, அதுல உங்களச் சட்டப்படி பாதுகாவலரா போட்டு ஆர்டர் வாங்கிட்டு வாங்க” என்றார்கள். “பெத்தவளுக்கு எதுக்குங்க ஆர்டரு?” என்று இராசாத்தி அங்கேயே சண்டை பிடித்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் யோசித்தாள். அம்மா என்று சொல்லிக்கொண்டு எவளாவது வந்து கேட்டாலும் இப்படித்தானே சொல்வார்கள்? சொல்லட்டும். மறுவாரமே திண்டுக்கல் போய் மனு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இதற்குள் மூத்தார் வேலுச்சாமி அதே வங்கியில் வேறொருவரைப் பிடித்துவைத்திருந்தார். அவனுக்கு எல்லாம் புரியும் என்று சாட்சிக்கு இரண்டு பேர், கைநாட்டுக்கு ஒரு விரல். ஒரே நாளில் சோலி முடிந்துவிடும்.

வேலுச்சாமிக்குப் பணத்தாசை என்று தெருவில் சிலர் சொன்னது தப்பு. அவருக்கு வேறு பயம். மகள் சத்தியபிரியாவுக்கு ஒட்டன்சத்திரத்தில் நல்ல இடம் கூடிவந்திருந்தது. காய்கறி மண்டி, மாடிவீடு, மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணனுக்கு கோயம்புத்தூரில் வேலை. “வீட்டுல வேற யாரு?” என்று அவர்கள் கேட்டபோது, “தம்பி மகன் ஒருத்தன், கொடைக்கானல் கான்வென்ட்டுல ஹாஸ்டல்ல படிக்கிறான்” என்று வேலுச்சாமி சொல்லிவைத்திருந்தார். செண்பகனூரும் கொடைக்கானல்தான், சிஸ்டர்மார் நடத்துவதும் கான்வென்ட்தான் என்று மனசுக்குள் ஒரு சமாதானம்.

வந்தது கலெக்டர் ஆபீஸ் கடிதம். வீட்டுக்கு வந்து பையனையும் குடும்பத்தையும் பார்த்து விசாரிப்பார்களாம். புதன்கிழமை, பதினோரு மணி.

பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வருவதும் அதே புதன்கிழமை, பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள்!

“தேதிய மாத்தச் சொல்லு!”

“கேட்டுட்டேன் மச்சான். விட்டா மூணு மாசம் கழிச்சுத்தானாம். நீங்க மாத்துங்களேன்.”

“முகூர்த்தத்தையா? ஏத்தா, பேசுறியா ஒளறுறியா?”

கடைசியில் சோலையம்மாள்தான் வழி சொன்னாள். “பின்னாடி பழக் கிடங்குல அவன வச்சிரு. விசாரணைக்காரங்க கொல்லை வழியா வரட்டும். அவங்க பாட்டுக்கு அங்க, இவங்க பாட்டுக்கு இங்க.”

இராசாத்தி ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு வருஷமாக அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சரி என்று அர்த்தம். அந்த வீட்டுக்காரர்கள் செய்த பெரிய தப்பு அதுதான், இப்போதும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மகனை இறக்கிக்கொண்டு வந்தாள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வாந்தி. எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்தபோதெல்லாம் வாந்தியோடு சிரிப்பு. அவள் மடியில் அவன் தலை கனத்தது. வளர்ந்த ஆம்பிளையின் தலை, மீசை அரும்பிய முகம். இவனையா பழத்தாருக்கு நடுவில் ஒளித்துவைக்க வேண்டும்?

புதன்கிழமை பத்தே முக்கால். கூடத்தில் ஜமுக்காளம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் அம்மா தேவசேனா கைப்பையைத் திறந்து பளபளப்பான பேனா ஒன்றை எடுத்தாள்.

“எங்கங்க, கான்வென்ட்டுத் தம்பிய காணோம்? அக்காளுக்குப் பூ வைக்கிறதுக்கு லீவு குடுத்திருப்பாங்கள்ல! அவனுக்குன்னு ஃபாரின் பேனா வாங்கிட்டு வந்தேன். எம்மவன் மாதிரி இங்கிலீஷ் பொளந்து கட்டுவானாக்கும்?”

வேலுச்சாமி வாயைத் திறப்பதற்குள் பின்கட்டிலிருந்து கிறீச் கிறீச்சென்று சத்தம். சின்னதாகிப்போன பழைய சக்கர நாற்காலியில் கதிர்வேல். தள்ளிக்கொண்டு இராசாத்தி. நேரே கூடத்துக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“வாங்க. இவந்தாங்க தம்பி. பேரு கதிர்வேல். கான்வென்ட்டுல படிக்கல. பொறந்ததுலேருந்தே இப்படித்தான் இருக்கான்.”

நீட்டிய பேனா நீட்டியபடியே நின்றது. பிறகு மெதுவாகக் கைப்பைக்குள் போனது.

“பாவி! எம்மவ வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டியேடி!” சோலையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “தாலியறுத்து நின்னவளுக்கு எடங்குடுத்து, கஞ்சி ஊத்துனோமே... பணத்த வாங்கிக்கிட்டுத் தனியாப் போறதுக்குத்தான இம்புட்டு நாடகமும்!”

“கஞ்சி ஊத்துனீங்களாக்கா?” இராசாத்தியின் குரல் உயரவில்லை. அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது. “பழத்தோல உரிச்சு உரிச்சு என் நகத்தப் பாருங்க. பதினோரு வருசக் கறை. சம்பளம்னு ஒரு ரூவா கேட்டிருக்கேனா? அது கெடக்கட்டும். எங்க வீட்டுக்காரருக்குப் பதினாறாம் நாளு, நம்ம பஞ்சாமிர்தக் கடையில அவரோட பாதிப் பங்கு வேண்டாம்னு எழுதி, ஒரு காகிதத்த மச்சான் என்கிட்ட நீட்டுனாரு. கண்ணீர்ல ஒண்ணும் தெரியாம கையெழுத்துப் போட்டுட்டேன்னுதான இன்னிக்கு வரைக்கும் நெனச்சிருக்கீங்க மச்சான்? எட்டாவது படிச்சவ நான். ஒரு வரி விடாம வாசிச்சேன்...”

வேலுச்சாமி தூணைப் பிடித்துக்கொண்டார்.

“கடை கடன்ல முங்கப் போச்சு. பங்கு பிரிச்சா ரெண்டு பேருக்கும் மிஞ்சாது, சத்யா படிப்பு நின்னுபோகும். அதான் போட்டேன். தெரிஞ்சே போட்டேன். என் கை, என் இஷ்டம், குடுத்தேன்! இவனுக்கு அது தெரியாது மச்சான். தெரியாதவன் கையப் புடிச்சு அமுக்குனா அதுக்கு வேற பேரு. பெத்தவளே அமுக்குனாலும் அதே பேருதான். நான் அமுக்கவும் மாட்டேன், அமுக்க விடவும் மாட்டேன்!”

“சித்தி...” என்றாள் சத்தியபிரியா. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகக் கூடத்து ஓரத்தில் நின்றிருந்தாள்.

தேவசேனா எழுந்தாள். “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. ஆனா பாருங்க, நாளைக்கு எங்க வீட்டுல பொறக்குற புள்ளையும்...”

“கிளம்புங்க அத்த” என்றாள் சத்தியபிரியா. “வெரசா கிளம்புனீங்கன்னா பன்னெண்டு மணி பஸ்ஸ புடிச்சிரலாம்.”

அவர்கள் காரில் வந்திருந்தார்கள். கோபத்தில் அவளுக்கு அது நினைவில்லை. தெரு இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது.

மாப்பிள்ளை வீட்டார் வெளியேறிய அதே வாசல் வழியாகத்தான் விசாரணைக்கு வந்த அம்மா உள்ளே வந்தாள். வாசலில் நின்று பாதியைக் கேட்டிருந்தாள் போலிருக்கிறது. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“கதிர்வேல்... உன் பணத்தையும் உன் வைத்தியத்தையும் உங்கம்மா பாத்துக்கலாமா? உனக்குச் சம்மதமா?”

கதிர்வேல் அவளுடைய கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவைப் பிடித்து இழுத்தான்.

“அவனுக்குப் புரியலைங்க” என்றாள் இராசாத்தி. அந்த நேரத்தில்தான் அவளுக்கு உடைந்தது. “ஆனா... நீங்க அவனக் கேட்டீங்க. இத்தன வருசத்துல அவனக் கேட்ட மொத ஆளு நீங்கதாங்க...”

அந்த அம்மா காகிதத்தை வேலுச்சாமியிடம் நீட்டினாள். தாயைப் பாதுகாவலராகப் போடுவதில் நெருங்கிய உறவினருக்கு ஆட்சேபணை உண்டா, இல்லையா?

பேனா வாங்க நீண்ட கை பாதியில் நின்றது. “வாசிச்சுக் காட்டுங்கம்மா. நானும் தெரிஞ்சு போடுறேன்.”

அவள் வாசித்தாள். அவர் போட்டார். போட்டுவிட்டு, தம்பி மகனின் காலடியில் உட்கார்ந்து, “காசி... ஏலே காசி...” என்று செத்துப்போன தம்பியின் பேரைச் சொல்லி அழுதார் பாருங்கள், எதிர்வீட்டில் மறுபடி குழாயை மூடினார்கள். சத்தியபிரியா ஓடிப்போய்ச் சித்தியைக் கட்டிக்கொண்டாள். சோலையம்மாள் மட்டும் அடுப்படியை விட்டு வரவில்லை. சாயங்காலம் கதிருக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஆர்டர் வந்தது. பணத்தை எதற்கு எடுத்தாள், என்ன செய்தாள் என்று ஆபீசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றார்கள். “காட்டுறேன், அவன் காசுதான, என் காசா?” என்றாள். ஆபரேஷன் நடந்தது. முதுகுக்கும் இடுப்புக்கும் அளவெடுத்துச் செய்த நாற்காலியில் கதிர்வேல் ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வேலுச்சாமி கடையின் பாதிப் பங்கைத் திரும்ப எழுதிக்கொண்டு வந்தார். இராசாத்தி கண்கலங்கி, வேண்டாம் மச்சான் என்பாள் என்று தெரு எதிர்பார்த்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “குடுங்க மச்சான்” என்று வாங்கி, ஒரு வரி விடாமல் வாசித்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சத்தியபிரியாவுக்கு அடுத்த தையில் கல்யாணம். ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்காரர் மகன் ஜெயமுருகன். பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்ற இடத்தில் முதல் பேர் கதிர்வேல் என்று அச்சடித்திருந்தார்கள். ஹரிகிருஷ்ணனுக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டே இருக்கிறார்களாம். தேவசேனா போகிற இடத்திலெல்லாம் வீட்டில் எத்தனை பேர், எல்லாரையும் நேரில் காட்டுங்கள் என்கிறாளாம்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் இராசாத்தி செண்பகனூரில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வீடு பார்த்துக்கொண்டு மகனோடு போய்விட்டாள். சோலையம்மாள் எவ்வளவோ அழுதாள். “கோவத்துல போகலக்கா. எங்களுக்குன்னு ஒரு வாசப்படி வேணும்” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினாள். இப்போது மாதம் இரண்டு ஞாயிறு சோலையம்மாள்தான் வெள்ளனே எழுந்து மலை ஏறுகிறாள்.