உறைபனி மணியில் ஒரு துளை

கித்தேரியம்மாள் வக்கீல் நோட்டீஸைப் படித்து முடிக்கும்வரை ரெஜினாவுக்கு நிலைகொள்ளவில்லை. செண்பகனூரில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை அவள்.

"வானத்துல ஒரு மேகம் இல்லைங்கம்மா. இன்னைக்குப் பூம்பாறையில உறைபனி விழும். இந்த நோட்டீஸுக்குப் பயந்து எல்லாரும் மணியைக் கழட்டி வச்சுட்டாங்க. உருளைக்கிழங்கு மொத்தமும் கருகிப்போகும்."

வயலில் குளிர் மிஞ்சினால் வீட்டில் ஒலிக்கும் சிறு கருவிதான் அந்த மணி. சத்தம் கேட்டதும் எழுந்துபோய்த் தண்ணீர் தெளித்துப் பயிரைக் காப்பாற்றிவிடலாம். அதன் வரைபடத்தை ரெஜினா இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தாள். இப்போது சமவெளிக் கம்பெனி ஒன்று, வடிவமைப்பு தங்களுடையது, ரெஜினாதான் காப்பியடித்தாள் என்கிறது.

"யாரோ லேபுக்குள்ள புகுந்து திருடியிருக்காங்க" என்றான் கோகுல். கித்தேரியம்மாளுக்கு உதவியாக இருக்கும் வக்கீல், அவசரக்குடுக்கை.

"தொறந்து கெடக்குற வீட்டுக்குப் பூட்டை எதுக்குப்பா உடைக்கணும்?" என்றார் கித்தேரியம்மாள். ஓய்வுபெற்ற பிறகு ஊரார் வழக்குகளை விசாரித்துக்கொடுக்கும் அவர் குரல், காவல்துறையில் இருந்த காலத்திலும் உயர்ந்ததில்லை. "ஏம்மா, யாரு வேணா எடுக்கலாம்ல?"

"எடுக்கலாம், செய்யலாம், விக்கவும் செய்யலாம்ங்க. எம் பேரை அழிக்கக் கூடாது. மாத்துனதை மறைக்கக் கூடாது. உரிமத்துல அவ்வளவுதான். ஆனா அவங்க வரைபடத்துல என்னோடதைவிடப் பழைய தேதியைப் போட்டுக் காட்டுறாங்க."

மேசையில் இரண்டு சர்க்யூட் போர்டுகள் இருந்தன. பூம்பாறையிலிருந்து கழற்றி வந்த ரெஜினாவின் போர்டில் புகை வாடை அடித்தது. மற்றது கம்பெனியின் தகரப் பெட்டிக்குள், நான்கு மூலைகளிலும் திருகப்பட்டிருந்தது. இரண்டிலும் மேலே நடுவில் விரல் நுழையும் துளை. கித்தேரியம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஊருக்குள் விடுதியில் தங்கியிருந்த கம்பெனி மேலாளர் சேனாதிபதியை வெரசாகக் கூட்டிவரச் சொன்னார்.

சாயங்காலம்தான் வந்துசேர்ந்தார் சேனாதிபதி.

"இந்தத் துளை எதுக்குங்க சார்?"

"சுவத்துல மாட்ட. ஸ்க்ரூவுக்கு."

"ஸ்க்ரூ மூலையில இருக்கே. துளைக்குப் பின்னால தகரம் மூடிக் கெடக்கு."

"அப்ப... காத்தோட்டத்துக்கு இருக்கும்."

"மூடுன பெட்டிக்குள்ளயா?"

சேனாதிபதி கைக்குட்டையைத் தேடினார்.

"பூம்பாறையில அடுப்புக்கு மேல கம்பு கட்டி, பூண்டைக் கொத்துக்கொத்தாப் புகையில தொங்கவிடுவாங்க. மண்சுவத்துல ஆணி நிக்காதுன்னு மணியையும் அதே கம்புல கயித்துல கட்டுனாங்க. கயிறு நுழையத்தான் துளை. சரியா ரெஜினா?"

ரெஜினா தலையசைத்தாள்.

"துளைக்கான காரணம் இவங்ககிட்ட இருக்கு, உங்ககிட்ட இல்லை. அப்ப முதல்ல வரைஞ்சது யாரு? காப்பியடிச்ச உங்க ஆளுக்கு அது எதுக்குன்னு புரியலை. எடுத்தா மணி கெட்டுப்போகுமோன்னு விட்டுவச்சார். பேரை அழிக்க மட்டும் அவருக்குப் பயம் வரலை."

"விக்கிறதை நிறுத்திடுறோம்" என்றார் சேனாதிபதி.

"நிறுத்த வேணாம்ங்க" என்றாள் ரெஜினா. "எம் பேரைப் போட்டு வித்துக்கங்க. நீங்க மாத்துனதையும் எல்லாருக்கும் தொறந்து வைங்க. இப்ப, நோட்டீஸை வாபஸ் வாங்கிட்டோம்னு ஊருக்குச் சொல்லுங்க. பொழுது சாயுது."

கோகுல் பூம்பாறை அழகம்மாளை ஃபோனில் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டான். முதன்முதலில் மணி மாட்டியது அவள் வீட்டில்தான்.

சேனாதிபதி தொண்டையைச் செருமினார். "அம்மா, கம்பெனியில இருந்து பேசுறேன். அந்த மணி... ரெஜினா டீச்சர் வடிவமைச்சதுதான்."

"அது எங்களுக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் அழகம்மாள். "மாட்டலாமா, அதைச் சொல்லுங்க. குளிர் எறங்குது."