எழுத்தில்லாத சுவடி

மூன்று நாளாகச் சத்யப்பிரியா வாய்விட்டுப் படிக்கவில்லை. வேலுத்தாய் அதை முதல் நாளே கவனித்திருக்க வேண்டும். ஆனால் ராஜபாளையத்து மில்லில் எட்டு மணி நேரம் அறுந்த நூலையெல்லாம் முடிந்துவிட்டு, காதில் மிஷின் இரைச்சலும் மூக்கில் பஞ்சுத் தூசியுமாகச் சோழபுரத்தில் வந்து இறங்குகிறவளுக்கு, வீடு சத்தமில்லாமல் கிடந்தது நிம்மதியாகத்தான் இருந்தது.

இன்று சாயங்காலம்தான் உறைத்தது. திங்கட்கிழமை பிளஸ் டூ பரீட்சை. தெருமுனை வரை கேட்கும்படி கத்திப் படிக்கிற மகள், புத்தகத்தை மடியில் விரித்து வைத்துச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் இறகு கருகிய வாடை. குழம்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தும் மூன்று நாளாயிற்று. வாடை மட்டும் போகவில்லை.

"ஏட்டி, படிக்கலையா?"

"படிச்சுட்டுத்தான் இருக்கேம்மா." குரல் கரகரத்தது. அவள் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை கண்மாய்க்கரை அம்மனுக்குச் சேவல் அறுத்ததிலிருந்துதான் இப்படி. கண்மாயில் மண் அள்ளும்போது கிடைத்த கல் அம்மன் அது. ஒரு கையில் சுவடி, ஒரு கையில் ஜெபமாலை, கிரீடத்துக்கு மேல் கண்மூடி உட்கார்ந்திருக்கும் சின்ன உருவம். பழைய சிலைகளை ஆராய்கிற மதுரைக்காரர் ஒருவர் பார்க்க வந்து தெளிவாகத்தான் சொன்னார்.

"இது சமணர்களோட கல்வித் தெய்வம்மா. மேல இருக்கிறவர் தீர்த்தங்கரர். எறும்பைக்கூட மிதிக்கக் கூடாதுன்னு இருந்தவங்க. பலி கிலி குடுத்துராதீங்க."

அவர் போனதும் பூசாரி கருத்தப்பாண்டி சிரித்தார். "சேவல் வேண்டாங்கிற சாமி எங்கன இருக்கு? படிப்புக்குன்னா பரீட்சைக்கு முன்னாடியே அறுத்துரு தாயி."

வேலுத்தாய்க்கு யோசிக்கத் தெம்பில்லை. மகள் மில்லுக்கு வரக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். வீட்டில் வளர்த்த ஒரே சேவலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கழுத்திலிருந்து தெறித்த ரத்தம் அம்மனின் சுவடியில் விழுந்தது. ஓர் எழுத்துகூட இல்லாத, வழவழப்பான கல் சுவடி.

இப்போது லைட்டைப் போட்டு மகளின் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.

வெள்ளைத் தாள்.

அடுத்த பக்கமும் வெள்ளை. அதற்கடுத்ததும். நோட்டுகளை இழுத்துப் புரட்டினாள். இரண்டு வருஷம் எழுதி நிரப்பிய நோட்டுகள். எல்லாம் வெள்ளை.

மகளைத் தொடப் பயமாக இருந்தது. பெற்ற பிள்ளையைத் தொடப் பயந்தாள். செருப்புப் போடாமல் கண்மாய்க்கரைக்கு ஓடினாள்.

பொழுது மங்கிக்கொண்டிருந்தது. அம்மன் முகத்தில் கோபமில்லை. அதே அமைதி. வேலுத்தாய் குனிந்து சுவடியைப் பார்த்தாள். கல் முழுக்க எழுத்து, நுணுக்கி நுணுக்கி, இடம் விடாமல். வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. மகளின் கையெழுத்து.

முந்தானையால் தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள். நகம்தான் பிய்ந்தது.

"தெரியாமச் செஞ்சுட்டேன் தாயே."

தெரிந்துதான் செய்தாள். அது அவளுக்கே தெரியும்.

அப்போது சேவல் கூவியது.

இந்த நேரத்திலா? கூவல் அவள் வீட்டுப் பக்கமிருந்து வந்தது. வீட்டில் சேவல் இல்லை.

ஓடினாள். வாசல் வந்தது.

லைட் எரிந்துகொண்டிருந்தது. தரையில் சுளகு. சுளகில் அரிசி. சத்யப்பிரியா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் மடங்கியிருந்தன.

"ஏட்டி..."

தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அம்மாவைப் பார்த்தாள்.

பிறகு கழுத்தை வெடுக்கென்று நீட்டி, ஓர் அரிசியைக் கொத்தினாள்.